பேரம் பேசும் பாப்பாவின் தாய்மாமன்

என் அக்கா மகள் ஐந்து வயதில் பேசிய ஒரு பேச்சுதான் எங்கள் குடும்பத்துக்குப் பல வருஷம் சோறு போட்டது.

அப்போது மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், சொந்தமாக ஒரு லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நிலக்கோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பறித்த மல்லிகையை மூட்டை மூட்டையாக ஏற்றிவந்து பூ மார்க்கெட்டில் இறக்குவார். நான் திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று விசேஷ வீடியோ எடுப்பதுதான் தொழில். வேலை இல்லாத ஒரு நாள் மச்சானோடு வேனில் போனேன். பாப்பாவும் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள்.

மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரர், பூக் கொண்டுவந்த ஒரு பெண்ணிடம் அன்றைய விலையைச் சொன்னார். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. பாப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"இம்புட்டுப் பூவுக்கு அம்புட்டுத்தானா? நீங்க ஒரு நா குனிஞ்சு பறிச்சுப் பாருங்க, இடுப்பு விட்டுப்போகும்!"

அது பூப் பறித்துவிட்டு வந்து அக்கா தினமும் வீட்டில் புலம்புவது. அப்படியே பாடமாகி வந்திருக்கிறது. கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஆத்தா, நீ சொன்னா சரி" என்று அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். என் கையில் போன் இருந்தது. எடுத்தேன். அன்று சாயங்காலம் சும்மா ஒரு ஆசைக்கு நெட்டில் போட்டேன். இரண்டு நாளில் அந்தத் துண்டு வீடியோ எங்கெங்கோ சுற்றிவிட்டு எங்களிடமே திரும்பி வந்தது. மச்சானின் போனுக்கு யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அதை அனுப்பி, "உங்க ஊருப் புள்ளையாம்ல" என்று கேட்டிருந்தார்.

அப்படித்தான் சேனல் ஆரம்பமானது. பாப்பா ஒரு கடைக்குப் போவாள். கடைக்காரர் ஒரு விலை சொல்வார். அவள் பேசிப் பேசி இறக்குவாள். பூட்டுக் கடை, வளையல் கடை, மீன் மார்க்கெட், பிரியாணிக் கடை என்று திண்டுக்கல்லில் நாங்கள் போகாத தெரு இல்லை. கடைசியில் எந்த விலைக்குக் கொடுப்பது என்பதைக் கடைக்காரரிடம் முன்னாலேயே பேசி வைத்திருப்போம். ஆனால் அவள் என்ன பேசுவாள் என்பதை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பூட்டுக் கடைக்காரரிடம், "இம்புட்டுப் பெரிய பூட்ட வாங்கிட்டுப் போயி நாங்க எதப் பூட்டுறது? எங்க வீட்ல கதவே ஆடுது" என்று அவள் கேட்டபோது, கேமராவைப் பிடித்திருந்த என் கை சிரிப்பில் ஆடியது. அந்த ஆட்டத்தை வெட்டாமல் அப்படியே போட்டேன். ஜனங்களுக்கு அதுவும் பிடித்திருந்தது.

முதலில் நாங்கள் கடைகளைத் தேடிப் போனோம். பிறகு கடைகள் விளம்பரத்துக்குக் காசோடு எங்களைத் தேடி வந்தன. மச்சான் வேனை விற்றார். ஊரை விட்டு, திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவந்தார்கள். பாப்பாவை ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நானும் ஸ்டுடியோ வேலையை விட்டேன். வீடியோ எடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் நான். கடைக்காரர்களிடம் பேசுவது மச்சான். பாவாடை தைப்பது, ரெட்டைச் சடை போடுவது, பூ வைப்பது அக்கா. நாங்கள் மூன்று பேரும் அவரவர் வேலையைச் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். நாலாவதாக ஒருத்தி செய்வதும் வேலைதான் என்று எங்களில் யாரும் சொல்லிக்கொண்டதில்லை. "பாப்பா வெளையாடுறா" என்றுதான் வீட்டில் பேச்சு.

விளையாட்டாகத்தான் இருந்தது, சில வருஷம். டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "ஆத்தா, டிக்கெட்டுக்குப் பேரம் பேசிராத" என்பார். அவளுக்குப் பெருமையாக இருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

பிள்ளை வளர்ந்தால் உயரம் கூடும், குரல் மாறும். இது தெரியாதவர்கள் உண்டா? ஆனால் பார்க்கிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பத்து வயது தாண்டியதும், "பாப்பா முன்ன மாதிரி இல்ல", "வாய் அதிகமா இருக்கு" என்று வீடியோவுக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்கள். ஐந்து வயதில் சொன்னால் சுட்டித்தனம், பதினொரு வயதில் சொன்னால் திமிர். பார்ப்பவர்கள் குறைந்தார்கள். மச்சான் முகம் சுருங்கியது. ரெட்டைச் சடையை விடாமல் போடச் சொன்னார். உயரம் தெரியாமலிருக்க என்னை மேலே நின்று எடுக்கச் சொன்னார். குரலைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஏற்றிவிடச் சொன்னார். நானும் ஏற்றினேன். கல்யாண வீடியோவில் கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்கிக் கொடுத்துப் பழகியவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது வகுப்பு டீச்சர் அக்காவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"கிளாஸ்ல வாயே தெறக்க மாட்டேங்குறா. கேள்வி கேட்டா எந்திரிச்சு நிக்கிறா, அம்புட்டுத்தான். வீடியோவுல பேசுற பொண்ணு இவதானான்னு எங்களுக்கே சந்தேகமா இருக்கு" என்றார் டீச்சர்.

அக்கா சிரித்தபடி, "வெக்கப்படுறா டீச்சர்" என்றாள்.

வரும் வழியில் அக்காவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, பாப்பாவோடு பைக்கில் வீட்டுக்குப் போனேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவளாகவே சொன்னாள். "நான் எது பேசினாலும் அந்தப் பயலுக எல்லாரும் சேந்து, 'இம்புட்டுக்கு அம்புட்டுத்தானா'ன்னு கத்துறானுக மாமா. பென்சில் கேட்டாக்கூட, 'பேசி எறக்கு, தாரேன்'ங்குறானுக. அதான் பேசுறதில்ல."

"டீச்சர்கிட்டச் சொல்லலாம்ல?"

"அவங்களும்தான் சிரிக்கிறாங்க."

இதை நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா மச்சானிடம் சொன்னாள். "பொறாமையில சொல்லுவானுக. நாளைக்கு இவனுகளே இவகிட்ட வந்து நிப்பானுக" என்றார் மச்சான். அந்த வாரமும் ஷூட்டிங் நடந்தது. ஒரு செருப்புக் கடை. நாலு தடவை திருப்பித் திருப்பி எடுத்தும் அவள் பேச்சில் உயிர் வரவில்லை. கடைக்காரர் மரியாதைக்குச் சிரித்தார்.

மறு வருஷம் ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தது.

"ஏலே தம்பி, எங்கடா இருக்க? பாப்பா பெரிய மனுசி ஆயிட்டாடா. பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சு. தாய்மாமன் நீதான் மொதல்ல வரணும்."

பிறந்தபோது கையில் வாங்கிய பிள்ளை. பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை கட்டுவது தாய்மாமன் முறை. சித்தையன்கோட்டைப் பக்கம் தெரிந்தவர் தோப்பில் கீற்று வெட்டி, பைக்கில் கட்டி எடுத்துவந்தேன். வாடகை வீட்டில் குடிசைக்கு எங்கே இடம்? பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சாய்ப்பாக இறக்கினேன்.

நான் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்து நின்றது. அக்காவோடு பாப்பா இறங்கினாள். வாசலில் மச்சான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் நின்றது அவருக்கு. உண்மையான கண்ணீர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாப்பா போனைப் பார்த்ததும் புத்தகப் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்பா, வேணாம்ப்பா."

"போடுறதுக்கு இல்லடா. நமக்குத்தான், ஞாவகத்துக்கு."

அவள் பையை இறக்காமலே தடுமாறி உள்ளே போனாள்.

ஞாபகத்துக்கு எடுத்ததை அவர் போடவில்லை, அது நிஜம். ஆனால் அன்று சாயங்காலமே சேனலில், "எங்க வீட்டு இளவரசிக்கு ஒரு விசேஷம், என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று எழுதிப் போட்டார். ஆயிரம் பேர் சொன்னார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாழ்த்து, ஆசீர்வாதம், இதயப் படம், நடுநடுவே வாயில் சொல்ல முடியாத சில. அக்கா போனைக் குடிசைப் பக்கம் வைத்துவிட்டு உளுந்தங்களி கிண்டப் போன நேரத்தில் பாப்பா அதையெல்லாம் வாசித்துவிட்டாள்.

இதற்குள் மச்சானுக்குப் போன் மேல் போன். ஒரு ஜவுளிக்கடை பட்டுப் பாவாடை தருவதாகச் சொன்னது. ஒரு மகால்காரர் மண்டபத்தை வாடகையில்லாமல் விடுகிறேன் என்றார். பிரியாணி ஒருவர் பொறுப்பு. எல்லாம் வீடியோவில் காட்டினால். அடிபட்டுக் கிடந்த சேனலுக்குக் குலதெய்வமே கண் திறந்தது போல மச்சான் ஓடியாடினார். அவர் போட்ட திட்டத்தின் உச்சம் இதுதான்: நான் தாய்மாமன் சீர்த் தட்டோடு மேடை ஏறுவேன். பாப்பா மைக்கை வாங்கி, "சீர் இம்புட்டுத்தானா மாமா?" என்று பேரம் பேச ஆரம்பிப்பாள். நான் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

"மாப்ள, யோசிச்சுப் பாரு. அந்த மொத வீடியோ மாதிரி ஆயிரும்" என்றார்.

அன்று நான் குடிசைக் கீற்றுகளை இறுக்கிக் கட்டப் போனேன். பாப்பா உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் நல்லெண்ணெய் ஊற்றிய களி அப்படியே இருந்தது.

"மாமா, சீர் நீங்கதான தூக்கிட்டு வருவீங்க?"

"நான்தான் தாயி. வேற யாரு வருவா?"

"அப்ப வீடியோ யாரு எடுப்பா?"

கயிற்றைச் சரிசெய்வது போல நின்றேன்.

"நீங்க மாமனா வாரீங்களா, கேமராமேனா வாரீங்களா? ஒண்ணு சொல்லுங்க."

"மாமனாத்தான் வருவேன். அதுல என்ன சந்தேகம் ஒனக்கு?"

"அப்ப வேற யாராச்சும் எடுப்பாங்களா?"

ஸ்டுடியோவில் என்னோடு வேலை பார்த்தவரை மச்சான் ஏற்கெனவே வீடியோவுக்குப் பேசி வைத்திருந்தார்.

"எனக்கு விசேசம் வேணாம்னு சொல்லல மாமா" என்றாள். "பட்டுப் பாவாடை எனக்குப் புடிச்சிருக்கு. மேளம் வரட்டும், சொந்தக்காரவுக வரட்டும். ஆனா இதையும் போடணுமா? பள்ளிக்கூடத்துக்கு நான்தான போகணும்?"

நான் நேராகப் போய் மச்சானிடம் கேட்டேன். அவர் முன்னறையில் விசேஷ அழைப்பிதழின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், எடுக்குறத ஆல்பத்துக்கு எடுப்போம். சேனல்ல போட வேணாம். புள்ள வருத்தப்படுறா."

"போடலேன்னா மகாலு யாரு குடுப்பா? ஜவுளிக்கடைக்காரன் எம் மூஞ்சிக்கா பட்டு தாரான்?"

"வீட்டோட சின்னதாச் செய்வோம். என்னால ஆனத நான் செய்யிறேன்."

"சின்னதாச் செஞ்சா மட்டும் அவ வருத்தம் தீந்துருமா? எனக்கு இருக்குறது ஒத்தப் புள்ள. வேனு ஓட்டுனப்ப இப்பிடி ஒரு மகாலுக்குள்ள நான் சாப்புடக்கூடப் போனதில்ல. எம் புள்ளைக்கு அங்க வச்சுச் செய்யணும்னு எனக்கு ஆசை இருக்காதா?" குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "நீ எம்புட்டுச் சடங்குக்கு வீடியோ எடுத்திருப்ப? ரோடு பூராம் ஃபிளக்ஸ் வைக்கிறான், புள்ள முகம் பனைமர ஒசரத்துல நிக்குது. எந்தப் புள்ள வேணாம்னு அழுதுச்சு?"

எனக்கு அதுதான் குத்தியது. எத்தனையோ பிள்ளைகளை, தலையைச் சாய், கன்னத்தில் விரலை வை, சிரி என்று சொல்லி எடுத்திருக்கிறேன். எந்தப் பிள்ளையும் என்னிடம் வேணாம் என்று சொன்னதில்லை. யாரும் அவர்களிடம் கேட்டதுமில்லை.

அடுப்படியில் அக்கா எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து இரண்டு பேருக்கும் பொதுவாக, "அன்னைக்குச் சரியாயிருவா. விடுங்க" என்றாள்.

விசேஷத்தன்று தாரை தப்பட்டை முன்னால் போக, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் சொந்தபந்தம் மகாலுக்கு நடந்தது. பூ, பழம், வளையல், சேலை. நான் முதல் தட்டைத் தலையில் வைத்திருந்தேன். மேலே டிரோன் சுற்றியது. எனக்கு எதிரே பின்பக்கமாகவே நடந்துகொண்டு படம் எடுத்த ஸ்டுடியோக்காரர், "மாப்ள, சிரிடா" என்றார். மகால் வாசலில் ஜவுளிக்கடைப் பெயரும் பாப்பா படமும் சேர்ந்து நின்றன. கடைப் பெயர்தான் பெரிது.

மேடையில் பாப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சடை நிறைய பூ. அந்தக் கனத்தில் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது. நான் தட்டை இறக்கியதும் மச்சான் அவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிக் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அவள் எழுந்தாள். மைக்கை வாய் வரைக்கும் கொண்டுபோனாள். பேசவில்லை.

"பேசு தாயி" என்றது முன்வரிசை. "வெக்கத்தப் பாரு" என்று ஒரு சிரிப்பு. மச்சான் கீழிருந்து கையை ஆட்டினார், உதட்டை அசைத்து அந்த வரியைச் சொல்லிக் காட்டினார். மேளம் நின்றுவிட்டது. மகால் முழுக்க மின்விசிறிச் சத்தம். பாப்பா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிறாள் என்று டீச்சர் சொன்னது இதைத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. அப்பா எந்த நிமிஷமும் மேடைக்கு ஏறி வருவார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஏதாவது சொல்ல வேண்டும். சீர்த் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை.

அப்போது பாப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா, அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"ஏ மாமா! ரோடெல்லாம் மேளம் அடிச்சு வந்தியே, தட்டுல ஒரு கொலுசக் காணோமே! இம்புட்டு அத்தைமாரு கூட வந்தும் அம்புட்டுத்தானா சீரு?"

அது அக்காவின் குரல் இல்லை. ஐந்து வயதுப் பாப்பாவின் குரல். அந்த இழுப்பு, அந்த மழலை, மூச்சு வாங்கும் இடம்கூட அப்படியே இருந்தது. வருஷக்கணக்காக ஒவ்வொரு கடைக்கும் கூடவே வந்து ஓரமாக நின்று கேட்டுக் கேட்டு அவளுக்கு ஊறிப்போயிருந்தது. சனம் கை தட்டியது. விசில் பறந்தது. நான் என்ன செய்ய? "கொலுசு தாரேன் ஆத்தா, செத்த பொறு" என்று பதில் சொன்னேன். அக்கா தங்க வளையல் கேட்டாள், சைக்கிள் கேட்டாள், மதுரை வரைக்கும் விமானம் கேட்டாள். மகால் சிரித்துக் குலுங்கியது. அக்காவின் நெற்றியில் வியர்வை பொட்டைத் தாண்டி இறங்கியது. கண் மட்டும் சிரிக்கவே இல்லை.

பாப்பா தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல அந்தப் பார்வை இருந்தது.

எல்லாம் முடிந்து, ஆள்கள் சாப்பிடப் போன பிறகு, மணமகள் அறையில் அக்கா அவள் சடையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். அக்கா என்னிடம்தான் சொன்னாள், பாப்பா காதில் விழட்டும் என்று.

"அவ நிக்கிறதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியலடா. அவரு ஏறி வந்து புள்ளைய எல்லார் முன்னாடியும் ஏதாச்சும் சொல்லிருவாரு. அதுக்கு நானே பேசிட்டுப் போறேன்னுதான்."

"என்னைய மாதிரி ஏம்மா பேசுன?" என்றாள் பாப்பா.

அக்கா ஊசி எடுப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு வேற மாதிரி பேசத் தெரியலடி."

அந்த வீடியோவை நான் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டுடியோக்காரரே வெட்டிக் கொடுத்தார். மைக் பிடித்த அக்காவை ஒதுக்கிவிட்டு, பேச்சு ஓடும்போது பாப்பா முகத்தையும் சீர்த் தட்டையும் மாற்றி மாற்றிக் காட்டியிருந்தார். பார்த்தவர்கள் பாதிப் பேர் அது அவள் குரல் என்றே நம்பினார்கள். "பழைய பாப்பா திரும்பி வந்துட்டா" என்று எழுதினார்கள். சேனலில் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் அப்படி ஓடியதில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு பாத்திரக் கடையில் ஷூட்டிங். அக்கா சடை போடக் கூப்பிட்டாள். பாப்பா சீப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, "இனிமே வரல" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. மச்சான் கெஞ்சினார், அதட்டினார், ஒரு நாள் சாப்பிடாமல் படுத்தார். அவளும் சாப்பிடவில்லை. கடைசியில் வாங்கின முன்பணத்துக்குக் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அக்கா பாத்திரக் கடைக்குப் போனாள். போனவள் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறாள். பேரம் பேசும் அக்கா என்று இப்போது ஒரு பெயர் வந்துவிட்டது. முன்னளவு வருமானம் இல்லை. மச்சான் வாரத்தில் சில நாள் வேறொருவரின் வேனை ஓட்டுகிறார், மறுபடியும் பூ மூட்டை.

நான் பழைய ஸ்டுடியோவுக்கே திரும்பினேன். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. "கேமரா எங்க இருக்குன்னு தெரியும்ல" என்றார், அவ்வளவுதான். சடங்கு வீடியோவுக்கு இப்போதும் போகிறேன். எடுக்கலாமா என்று அந்தப் பிள்ளையிடம் தனியாக ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள். ஒரே ஒரு பிள்ளை வேணாம் என்றது. அதன் அப்பா வேறு ஸ்டுடியோவைப் பிடித்தார்.

பாப்பா பள்ளிக்கூடம் விட்டு ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, சேனல் பாஸ்வேர்டு ஒங்ககிட்ட இன்னும் இருக்குல்ல?"

இருந்தது. மச்சான் மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தார்.

"அந்த ஒண்ண மட்டும் எடுத்துருங்க மாமா. சின்னப் புள்ளையில எடுத்ததெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். அது மட்டும்."

அவள் முன்னாலேயே கம்ப்யூட்டரில் அதை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்தேன். அழிக்கக் கை வரவில்லை, மறைத்தேன். அவள் திரையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் மச்சான் வந்துவிட்டார். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

"எம் புள்ள வீடியோவத் தூக்க நீ யாருடா?"

"தாய்மாமன்" என்றேன்.

"மாமன்னா சீர் செய்யி, சாப்புட்டுப் போ. சேனலு என்னோடது. அந்த ஒண்ணுதான் மாசா மாசம் வீட்டு வாடகையக் கட்டுது. அதத் தூக்கிட்டா நீ குடுப்பியா? குடுப்பியா சொல்லு?"

என்னால் கொடுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். நின்றிருந்தவர்களில் ஒருவர், "விடுங்க பாஸ்" என்று அவர் கையைப் பிடித்தார். அன்றைக்கே பாஸ்வேர்டு மாறியது. வீடியோ திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. பொங்கலுக்கு அக்கா மட்டும் ஸ்டுடியோவுக்கு வந்து கரும்பும் பொங்கலும் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்ல வரல" என்றாள். "ஆனா அவரும் வேற எங்கடா போவாரு?"

"பாப்பா பேசுறாளா ஒங்கிட்ட?"

"பேசுறா. சாப்டியாம்பா, படுத்தியாம்பா. நான் வீட்ல வீடியோவுக்குப் பேசிப் பாத்துக்கிட்டிருந்தா எந்திரிச்சு மாடிக்குப் போயிருவா."

பத்தாவது முடித்ததும் பாப்பா விடுதியில் தங்கிப் படிக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நாலு ஊர் தள்ளி, சிவகங்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். "என்னைய அங்க யாருக்கும் தெரியாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். மச்சான்தான் பெட்டி தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் மூன்று நாள் வேன் ஓட்டப் போகவில்லை என்று அக்கா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் விடுதியில் பேச விடுவார்கள். முதல் மாதம் எனக்குப் போன் வரவில்லை. இரண்டாவது மாதம் வந்தது.

"இங்கயும் கண்டுபுடிச்சுட்டாங்க மாமா."

"யாரு?"

"என் கிளாஸ் புள்ளதான். லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப அவங்க அம்மா போன்ல அந்த வீடியோ வந்துச்சாம். வந்து எல்லாருக்கும் சொல்லிட்டா."

"அழுதியா?"

"மொத நாள் அழுதேன்."

"நான் வரவா? கூட்டிட்டு வந்துரவா?"

"வேணாம், வேணாம். இங்கயே இருக்கேன்." பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. "ரூம்ல பன்னெண்டாவது படிக்கிற ஒரு அக்கா இருக்காங்க. அவங்க எல்லாரையும் கூப்புட்டு, 'அவளுக்குப் பேரு இருக்கு, பேரைச் சொல்லிக் கூப்புடுங்க. பாப்பா கீப்பான்னு எவளாச்சும் கூப்புட்டா அம்புட்டுத்தான்'னு சொல்லிட்டாங்க. இப்ப ரெண்டு மூணு பேருதான் கூப்புடுறாளுக."

அவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அந்த நேரத்தில் எனக்கே நாக்குக் குழறியது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பழக்கமில்லாத வாயில் அது யாரோ ஒரு பெரிய பெண்ணின் பெயர் போல இருந்தது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. வேற ஏதாச்சும் வேணுமா?"

"அடுத்த வாரம் வாரதா இருந்தா ஊறுகா வாங்கிட்டு வாங்க. இங்க சோத்துக்குத் தொட்டுக்க வைக்கிற வெஞ்சனம் வாயில வைக்க முடியல."